கார்வெட் பாடியில் அடைத்த துளைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கார்வெட் என்பது ஷெவர்லேயின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். பழைய கார்வெட்டின் பின் மட்கார்டில் காலையில் எதுவும் தெரியாது. பகல் ஏறிப் பேனல் சூடான பிறகு சாய்ந்து நின்று பார்த்தால் எட்டணா அளவில் ஒரு வட்டம் மெல்ல எழும். சாயங்காலம் அது போய்விடும். பெயின்ட் அடித்தவரிடம் கொண்டுபோனால் அவர் காலையில்தான் பார்ப்பார், ஒன்றும் இல்லையே என்பார். அந்த வட்டம் யாரோ அடைத்த துளை. அந்த யாரோ தொழிற்சாலையா, முதல் சொந்தக்காரரா, மூன்றாவது சொந்தக்காரரின் மைத்துனரா என்று தெரிந்துகொள்ளாமலே கிரைண்டரை எடுத்து இந்தக் கார்களைக் கெடுத்தவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கதை கீழே வருகிறது.

இங்கே பேசுவது 1953 முதல் 1982 வரை வந்த முதல் மூன்று தலைமுறைக் கார்வெட்டுகளைப் பற்றி. 1953இல் மிச்சிகனின் ஃப்ளின்ட்டில் 300 கார்கள் மட்டும் செய்தார்கள், எல்லாமே வெள்ளை. அதன்பின் 1981 வரை உற்பத்தி செயின்ட் லூயிஸில் நடந்தது, பிறகு கென்டக்கியின் பவுலிங் கிரீனுக்குப் போனது. பாடி முழுக்கக் கண்ணாடி இழையும் அதைப் பிடித்து இறுகும் பிசினான பாலியெஸ்டர் ரெசினும், சுருக்கமாக ஃபைபர். ஒஹையோ மாநிலம் ஆஷ்டபுலாவில் இருந்த மோல்டட் ஃபைபர் கிளாஸ் நிறுவனம் இதற்கான பேனல்களைச் செய்து கொடுத்தது. தொடக்கத்தில் கையால் அடுக்கிய வேலை. விரைவிலேயே மேலும் கீழுமாக இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் முறைக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துப்புத் துலக்கும்போது பலமுறை கைகொடுக்கும்.

தொழிற்சாலையில் ஏன் துளையை அடைக்க வேண்டும்? ஒரே அச்சில் வரும் பேனல் பலவிதமான கார்களுக்குப் போகிறது. ரேடியோ கேட்டவர், கேட்காதவர், ஹீட்டரே வேண்டாம் என்று காசைத் திரும்ப வாங்கிக்கொண்டவர், கியர் காரர், ஆட்டோமேட்டிக் காரர் என்று ஒவ்வொருவருக்கும் துளைகள் வேறு. துளை போட்டபின் அந்தப் பாடி வேறு ஆர்டருக்குப் போனாலோ, டிரில் பிடித்தவர் கை அரை அங்குலம் தவறினாலோ பேனலைத் தூக்கி எறிய மாட்டார்கள். ரெசின் பட்டியை வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செயின்ட் லூயிஸில் அடித்தது மெல்லிய லேக்கர் பெயின்ட். அடியில் இருப்பதை அது அதிக நாள் மறைத்து வைப்பதில்லை.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

அறிகுறி எதுவாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். பேனலின் உள்பக்கத்துக்குக் கண்ணாடியும் டார்ச்சும் போகிற மாதிரி வழி செய்துகொள்ளுங்கள். வெளிப்பக்கம் பெயின்ட் மூடியிருக்கும், உள்பக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அச்சில் அழுத்தி வந்த பேனல் இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பின் நடுவே பாய் நெய்தது போல இழைகள் துருத்திக்கொண்டு ஒரு சொரசொரப்பான திட்டு தெரிந்தால், பின்னாளில் யாரோ கையால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். திட்டைச் சுற்றி உப்புத்தாள் கீறல் வட்டமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கையால் அடுக்கிய 1953 பாடிகளில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அங்கே சொரசொரப்புதான் இயல்பு.

தொழிற்சாலை அடைப்பு வேறு மாதிரி இருக்கும். துளையில் பட்டி பிதுங்கி உள்பக்கம் ஒரு சிறு மொட்டாக நிற்கும், அல்லது வழித்துவிட்ட தடம் இருக்கும். சுற்றிலும் தேய்த்த அடையாளம் இருக்காது. பெயின்ட் அடிக்கும்போது பறக்கும் வண்ணப் புகை அந்த மொட்டின் மேலும் சுற்றியுள்ள பேனலின் மேலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பெயின்டுக்கு முன்பே அடைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்தது காந்தம். ஃபைபரில் காந்தம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டாத இடத்தில் ஒட்டினால் அடைப்புக்குள் இரும்புத் திருகோ தகடோ இருக்கிறது என்று தெரிகிறதே, அதற்காகத்தான். சில இடங்களில் பாடிக்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஓடுகிறது, அங்கே ஒட்டுவது இயல்பு. அதன்பின் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஃபைபர் கணீரென்று ஒலிக்கும். பட்டி மண்டிய இடம் மந்தமாக ஒலிக்கும், பற்று விட்ட இடம் சலசலக்கும். இரும்புத் தகட்டுக்குச் செய்த காந்தவகைப் பெயின்ட் கனமானி இங்கே பயன்படாது. அல்ட்ராசவுண்ட் வகை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நாணயம் போதும்.

எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். ரேடியோ இல்லாமல் வந்த கார் ஒன்றில், பின் மட்கார்டில் ஆன்டெனா இருக்கும் இடத்தில் ஓர் அடைப்பு இருந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று முழுவதையும் சுரண்டி எடுத்து அழகாக அடைத்தேன். பிறகு வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, அந்த அடைப்பு தொழிற்சாலையுடையதா என்பதுதான். சாட்சியை நானே தூசியாக்கி, அந்தத் தூசியைப் பெருக்கிக் கொட்டியும் விட்டிருந்தேன். 1974இல் தொடங்கிய என்சிஆர்எஸ் (பழைய கார்வெட்டுகளைப் புதுப்பிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம்) போன்ற சங்கங்கள் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலையை வைத்துத்தான் மதிப்பிடுகின்றன. தொழிற்சாலையின் அவலட்சணத்துக்கும் அங்கே மரியாதை உண்டு.

அறிகுறி 1: வெயிலில் மட்டும் தெரியும் வட்டம், தடவினால் வழுவழுப்பு

சுற்றியுள்ள ஃபைபரும் அடைத்த பட்டியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஃபைபருக்குள் இழை இருக்கிறது, அது விரிவைப் பிடித்துக்கொள்கிறது. பட்டியில் இழை இல்லை, அது தன் இஷ்டத்துக்கு விரிகிறது. கறுப்பு, அடர்நீலக் கார்களில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம் நிறம் சூட்டை வாங்குவதுதான்.

இதற்கு என் மருந்து சும்மா விடுவது. விரிசல் இல்லை, பள்ளம் இல்லை, உள்பக்க மொட்டு உறுதியாக இருக்கிறது என்றால் அது பழைய அடைப்பு, இனி அசையாது. காருக்கு எப்படியும் முழுப் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் அறிகுறி 3இன் கீழ் சொல்லியிருக்கும் முறையில் திறந்து அடையுங்கள். அந்த ஒரு வட்டத்துக்காக நல்ல தொழிற்சாலைப் பெயின்டை வெட்டுவது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது.

அறிகுறி 2: வட்டம் பள்ளமாகிவிட்டது, நகம் இடறுகிறது

சமீபத்தில் அடைத்த துளையானால் ரெசின் சுருங்கியிருக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கனஅளவில் ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். வெளிப்பார்வைக்கு ஒரே நாளில் கல்லாகிவிடும், உள்ளே இறுகி முடிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த அவகாசம் கொடுக்காமல் மேலே பிரைமரும் பெயின்டும் ஏற்றினால் தின்னர் வேறு உள்ளே இறங்கி பட்டியை வீங்க வைக்கும். வீங்கியிருக்கும்போது தேய்த்துச் சமமாக்குவீர்கள், தின்னர் வெளியேறியதும் அது இறங்கிக் குழியாகும். குழியில் மறுபடி பட்டி பார்த்து உடனே பெயின்ட் அடித்தால் அதே கதை அதே வரிசையில் நடக்கும்.

மேலே இருப்பதை ஃபைபர் வரை தேய்த்து எடுத்துவிட்டு, அடைப்பைக் காற்றுப் பட விடுங்கள். காரை வெயிலில் நிறுத்துங்கள். வெயில் இல்லாத ஊரானால் சூட்டு விளக்கு வையுங்கள், பேனல் கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம். குறைந்தது ஒரு வாரம், என்னைக் கேட்டால் மூன்று வாரம். அதன்பின் அடைப்பு உறுதியாக இருந்தால் மெல்லிய பட்டி ஒரு கை போதும்.

பள்ளம் பல ஆண்டுகளுக்கு முந்தையது என்றால், துளைக்குள் இழையே இல்லாமல் வெறும் பட்டியை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 3: வட்டத்தின் விளிம்பைச் சுற்றி மயிரிழை விரிசல்

உண்மையான பழுது இதுதான். அடைப்பு பேனலைப் பற்றவில்லை. துளையின் செங்குத்தான சுவரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த பட்டி, கார் குலுங்கக் குலுங்கப் பிய்ந்து தக்கை போல நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் சில நேரம் அசைவதே தெரியும். பட்டியைத் தோண்டினால் உள்ளே நாணயம், வாஷர், அலுமினியத் துண்டு, ஒரு முறை செய்தித்தாள் உருண்டை என்று என்னவெல்லாமோ வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எடுங்கள்.

சுற்றிலும் ஒரு சாண் அளவுக்குப் பெயின்டை உப்புத்தாளால் எடுங்கள். பெயின்ட் உரிக்கும் ரசாயனத்தை இந்த இடத்தில் தடவாதீர்கள், திறந்த இழைக்குள் அது ஊறி உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் வெளியே வரும். பிறகு மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். துடைத்த பிறகுதான் கிரைண்டர். வரிசை மாறினால் எண்ணெய்ப் பிசுக்கை இழைக்குள் தேய்த்து ஏற்றியவர் ஆவீர்கள்.

இனி சரிவு வெட்ட வேண்டும். இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பேனல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். கனம் 1 என்றால் சரிவின் நீளம் 12 என்பது கணக்கு. ஒரு பக்கம் மட்டும் கை எட்டுகிறது என்றால் துளை விளிம்பிலிருந்து 36 மில்லிமீட்டர் தூரத்துக்குத் தட்டுப் போலச் சரித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பக்கமும் எட்டினால் பாதிக் கனம் அந்தப் பக்கம், பாதிக் கனம் இந்தப் பக்கம் என்று 18 மில்லிமீட்டர் வீதம் போதும், பலமும் அதில்தான் அதிகம். இரண்டு பக்கமும் சரித்த துளை உடுக்கையின் இடுப்பைப் போல நடுவில் குறுகி இருக்கும். அதில் இறுகிய ரெசின் இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் வராது. 36 அல்லது 40 எண் உப்புத்தாளில் வெட்டி, 80இல் முடியுங்கள். பளபளப்பு எங்கும் மிச்சம் இருக்கக் கூடாது.

வெளிப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டையை டேப் போட்டு ஒட்டி, உள்பக்கத்திலிருந்து அடுக்குங்கள். அடுக்குவதற்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) வட்ட வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். ஓர் அடுக்கு இறுகினால் சுமார் 1 மில்லிமீட்டர் வரும். பெரிய வட்டத்தை முதலில் வைப்பதா, சிறியதை முதலில் வைப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டும் கடைசி வரை சண்டை போடும். நான் பெரியதை முதலில் வைக்கும் கட்சி. முதல் அடுக்கே பழைய ஃபைபரைச் சரிவின் முழு அகலத்துக்கும் பற்றிக்கொள்கிறது, பிறகு மேலே தேய்க்கும்போது அந்த முக்கிய அடுக்கு வெட்டுப்படுவதில்லை. உள்பக்கம் இறுகிய பின் அட்டையை எடுத்துவிட்டு, வெளிச்சரிவை லேசாகத் தேய்த்து அதே போல நிரப்புங்கள்.

ரெசின் தேர்வில் பலர் சறுக்குகிறார்கள். எபாக்சி பழைய பாலியெஸ்டர் மேல் நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஒரு முறை எபாக்சிக்குப் போனால் அந்த இடத்தில் கடைசி வரை எபாக்சிதான். இன்னொரு சங்கதி, சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, பசை கரையாது, மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாமல் நிற்கும். எபாக்சி என்றால் நெய்த துணி வாங்குங்கள். முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கு, அதாவது 1967 வரை வந்தவற்றுக்கு, பாலியெஸ்டரோ வினைல் எஸ்டரோ பொருத்தம் என்பது என் எண்ணம். 1970களின் நடுவிலிருந்து வந்த கார்களில் எஸ்எம்சி எனப்படும் தாள்வகைப் பேனல்கள் இருக்கின்றன. அவற்றில் அச்சிலிருந்து எளிதாகக் கழலுவதற்கான பொருளைக் கலவையிலேயே சேர்த்திருப்பார்கள், பாலியெஸ்டர் அங்கே நம்பகமாக ஒட்டாது. அவற்றுக்கு எபாக்சி அல்லது இரண்டு பாகப் பேனல் பசை.

பாலியெஸ்டரை இறுக்கும் ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம், டின்னில் எழுதியிருப்பதே இறுதி. குளிர் நாளில் ஹார்டனரைக் கூட்டுவதைவிட அறையைச் சூடாக்குவது மேல், 20 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். ரெசினோடு, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கிக் கலப்பவர்கள் அதையும் ஹார்டனரையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை. அரிப்பு வந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் தோலின் துவாரங்களைத் திறந்து இழைத் தூசியை உள்ளே அழைத்துக்கொள்ளும் என்பது இந்த வேலைக்காரர்களின் நெடுநாள் நம்பிக்கை.

இறுகிய மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். மெழுகு கலக்காத ரெசின் காற்றுப் பட்ட பக்கத்தில் அப்படித்தான் இருக்கும், அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது வசதியும் கூட. மெழுகு கலந்த ரெசினில் மெழுகு மேலே மிதந்து காற்றை மறைப்பதால் நன்றாகக் காயும். ஆனால் அந்த மெழுகை முழுவதும் எடுக்காமல் பிரைமர் அடித்தால் தோல் உரிவது போல உரியும்.

அறிகுறி 4: துளையிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பும் விரிசல்கள்

எம்பிளம், லக்கேஜ் கேரியர், கண்ணாடி எதையாவது இறுக்கி முடுக்கியதன் விளைவு இது. இரும்புத் தகடு அமுங்கிக் கொடுக்கும், ஃபைபர் அமுங்காமல் வெடிக்கும். லோட்டஸ் இலான் போன்ற ஆங்கிலக் கார்களில் மேலே ஜெல்கோட் என்ற தனிப் பூச்சு இருப்பதால், விரிசல் அந்தப் பூச்சில் மட்டும் இருக்கலாம். அச்சில் அழுத்திச் செய்த கார்வெட் பேனல்களுக்கு ஜெல்கோட் கிடையாது. ஆகவே கார்வெட்டில் நட்சத்திரம் தெரிந்தால் ஒன்று பெயின்ட் அடுக்கு தடித்துப்போய் வெடித்திருக்கிறது, இல்லை ஃபைபரே பிளந்திருக்கிறது. ஒரு முனையில் பெயின்டைச் சுரண்டி, மைத்துளி ஒன்றை வைத்துத் துடையுங்கள். கோட்டில் மை நின்றால் பிளவு ஃபைபரில். விரிசலின் கடைசி நுனி வரை வி வடிவில் வெட்டி, அறிகுறி 3இன்படி அடுக்குங்கள். துளை வேண்டிய துளையானால் பிறகு புதிதாகப் போட்டு, உள்பக்கம் அகலமான வாஷர் கொடுத்து, கையால் முடுக்குங்கள்.

அறிகுறி 5: அடைப்பின் மேல் கொப்புளம், அல்லது பழுப்புக் கறை

கொப்புளம் என்றால் ஈரம். பட்டி தண்ணீரை உறிஞ்சும், உள்பக்கம் சக்கரச் சேறு படும் இடத்தில் மூடாமல் விட்டிருந்தால் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊசியால் குத்திப் பாருங்கள். புளித்த ரசாயன வாடை அடித்தால் பழைய பெயின்ட் உரிப்பான் ஊறியிருக்கலாம், அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எடுக்க வேண்டும்.

பழுப்புக் கறை என்றால் இரும்பு. காந்தம் ஒட்டினால் உள்ளே திருகு. ஒட்டவில்லை, கறை கண்ணாடிச் சட்டத்துக்கு அருகில் மட்கார்டின் மேல்விளிம்பில் இருக்கிறது என்றால் கவலைப்பட வேண்டும். 1963 முதல் பயணிகள் பகுதியைச் சுற்றி இரும்புக் கூடு ஒன்று பாடிக்குள் இருக்கிறது, பறவைக்கூண்டு என்றே அதற்குப் பெயர். ஃபைபர் கார் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கூண்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. கூண்டு துருத்தால் துளையை அடைப்பது புண்ணுக்குப் புனுகு பூசுவது. முதலில் முன் கண்ணாடியின் விளிம்புப் பட்டையைக் கழற்றிக் கூண்டைப் பாருங்கள்.

அறிகுறி 6: இருக்கக் கூடாத இடத்தில் அடைத்த துளை

பழுது எதுவும் இல்லை, ஆனால் அந்த இடத்தில் துளைக்கே வேலை இல்லை. பெரும்பாலும் அந்தப் பேனல் வேறு ஆண்டுக் காரிலிருந்து வந்திருக்கும். நான் அடிக்கடி கண்டவை இவை.

1964 கார், பானெட்டின் இரண்டு பள்ளங்களிலும் அடைத்த துளைகள். 1963 பானெட்டில் அந்தப் பள்ளங்களில் காற்றுத் துவாரம் போலத் தோன்றும் அலங்காரத் தட்டுகள் இருந்தன. 1964இல் தட்டுகளை எடுத்துவிட்டார்கள், பள்ளங்கள் மட்டும் இருந்தன. 1965இல் பள்ளமும் போய்விட்டது. ஆகவே அது 1963 பானெட்.

1959 அல்லது 1960 காரின் டிக்கி மேல் நீளவாக்கில் அடைத்த துளைகள். 1958இல் மட்டும் டிக்கி மூடியில் இரண்டு குரோம் பட்டைகள் ஓடின. மூடி 1958 காருடையது.

1969 காரின் கதவில் கைப்பிடிக்குக் கீழே அடைத்த ஒரு வட்டம். இது எனக்குப் பிடித்தமானது. 1968 கதவில் விரல் நுழைக்கும் தகடு ஒன்று, திறக்கத் தனியாக உருண்டைப் பொத்தான் ஒன்று. 1969இல் தகடே திறப்பானாகி, பொத்தான் ஒழிந்தது. அந்த வட்டம் தெரிந்தால் 1968 கதவைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

1968 காரின் முன் மட்கார்டில் காற்றுத் துவாரங்களுக்கு மேல் வரிசையாகச் சிறு அடைப்புகள். 1968இல் அந்த இடத்தில் பெயர் எதுவும் கிடையாது. 1969 முதல் 1976 வரை ஸ்டிங்ரே என்ற எழுத்து அங்கே இருந்தது. விபத்துக்குப் பின் மாற்றிய மட்கார்டு அது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மோதல் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

1966 அல்லது அதற்கு முந்தைய காரில் நம்பர் பிளேட்டுக்கு மேலே நடுவில் அடைத்த ஒட்டு. 1967இல் மட்டும் ரிவர்ஸ் விளக்கு ஒற்றையாக அங்கே இருந்தது. பின்பக்கம் மாற்றிய கார்.

1969 காரில் பக்கவாட்டுப் புகைக்குழாய்கள் இருந்து, பின்புறக் கீழ்ப்பேனலில் குழாய்த் திறப்புகளை ஃபைபர் வைத்து அடைத்திருந்தால், அந்தப் பக்கக் குழாய்கள் பின்னாளில் வந்தவை. தொழிற்சாலையிலேயே அவை வந்த 1969 கார்களில் கீழ்ப்பேனலே திறப்பு இல்லாதது. விற்பவர் கேட்கும் விலையை இந்த ஒட்டுக்கேற்பக் குறைத்துப் பேசலாம்.

1953 முதல் 1955 வரையிலான காரில் மட்கார்டில் அடைத்த ஆன்டெனாத் துளை. அந்தக் கார்களுக்கு வெளி ஆன்டெனாவே கிடையாது. பாடிதான் ஃபைபர் ஆயிற்றே, ரேடியோ அலை ஊடுருவும் என்று டிக்கி மூடியின் ஃபைபருக்குள்ளேயே கம்பி வலையைப் பதித்துவிட்டார்கள். நல்ல யோசனை. மட்கார்டுத் துளை பின்னாளில் யாரோ போட்டது, தயங்காமல் அடைக்கலாம். ஆனால் டிக்கி மூடியில் அடைப்பு வேலை என்றால் உள்பக்கம் ஆழமாகச் சரிவு வெட்டாதீர்கள், வலையை அறுத்துவிடுவீர்கள்.

துளை வரிசை எந்த ஆண்டுக்கும் பொருந்தவில்லை, ஆனால் டிக்கிப் பகுதியில் இரண்டு பக்கமும் சமச்சீராக இருக்கிறது என்றால் லக்கேஜ் கேரியர். பல கார்களுக்கு அது விற்பனைக் கடையில் மாட்டியது. கடைக்காரர் கண்ணளவில் துளை போட்டிருப்பார், இரண்டு பக்கமும் கால் அங்குலம் வித்தியாசம் இருக்கும்.

அறிகுறி 7: இருக்க வேண்டிய துளை இல்லை

ரேடியோ இருக்கிறது, ஆன்டெனா இல்லை, துளையும் இல்லை. டிரில்லை எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். இரும்புப் பாடி என்றால் இக்னிஷன் இரைச்சலை அதுவே தடுத்துவிடும், ஃபைபர் தடுக்காது. அதனால் ரேடியோவோடு வந்த கார்வெட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் கம்பிகளையும் உலோக உறைகளால் மூடினார்கள். ரேடியோ இல்லாத கார்களுக்கு உறை தேவைப்படவில்லை. உறையும் இல்லை, அதை மாட்டும் பிடிகளின் தடமும் இல்லை, மட்கார்டின் உள்பக்கமும் கன்னியாக வழுவழுப்பாக இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது ரேடியோ இல்லாமல் வந்த கார். அதில் துளை போடாதீர்கள். பாட்டு கேட்க வேண்டும் என்றால் கண்ணாடிக்குள் ஒட்டும் ஆன்டெனா இருக்கிறது.

உறை இருந்து, உள்பக்கம் அடைத்த மொட்டும் இருந்தால் தயக்கம் வேண்டாம். பெயின்ட் மேல் டேப் ஒட்டி, அடைப்பின் நடுவைக் குறித்து, மெல்லிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். வெளிப்பக்கத்திலிருந்து போடுங்கள், உள்ளே ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடிக்க ஒருவர் இருந்தால் விளிம்பு சிதறாது. ஆன்டெனாவை மாட்டிய பிறகு ரேடியோ கரகரத்தால் அதன் அடிப்பாகத்திலிருந்து சேஸிஸுக்கு எர்த் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். இரும்புக் காரில் பாடியே எர்த். இங்கே கம்பி இல்லாவிட்டால் ஆன்டெனா அந்தரத்தில் நிற்கிறது.

அறிகுறி 8: காலடியில் தண்ணீர், எஞ்சின் வாடை, அனல்

எஞ்சினுக்கும் பயணிக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரும் ஃபைபர்தான், அதிலும் ஏராளமான துளைகள். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கம்பிக்கான இடம் மூடியிருக்கும். ஹீட்டர் வேண்டாம் என்று வாங்கிய, சி48 குறியீடு உள்ள காரில் ஹீட்டர் திறப்புகளுக்குத் தகடு இருக்கும். மற்றவற்றில் ரப்பர் மூடியோ, கறுப்புக் களிம்போ. ஐம்பது ஆண்டில் ரப்பர் பிஸ்கட்டாகி உதிர்ந்துவிடும்.

இரவில் எஞ்சின் பக்கம் பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு, உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஒளி வரும் துளையெல்லாம் நட்சத்திரம் போலத் தெரியும். இவற்றை ரெசின் வைத்து அடைக்காதீர்கள். இவை திறந்து மூடுவதற்கான துளைகள், நாளைக்கு ஒரு கம்பியை இழுக்கும்போது உங்களையே நீங்கள் திட்டிக்கொள்வீர்கள். அளவான ரப்பர் மூடியும், இறுகிப்போகாத கறுப்புக் களிம்பும் போதும். மூடிய பிறகும் தண்ணீர் வந்தால் சுவரை விட்டுவிட்டு முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஒழுகினால் அறிகுறி 5இல் சொன்ன கூண்டைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.